பழைய அறிவியல் இங்கிலீஷ் படிக்க எந்த டிக்‌ஷ்னரிய பக்கத்துல வச்சுக்கலாம்?

மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் லீவுல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல சின்னப் பசங்களுக்காக ஒரு மெழுகுவர்த்திய வச்சு ஆறு லெக்சர் குடுத்தாரு, அத வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861-ல புத்தகமா கொண்டுவந்தாரு. அத தமிழ்ல கொண்டுவரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. எங்க அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா, அவளுக்குப் புரியிற தமிழ்ல எழுதிப் பாப்போம்னு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ரெண்டு பக்கம்னு உக்காந்தேன். நாலாவது லெக்சர் தாண்டினதும் கார்பானிக் ஆசிட்னு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வர ஆரம்பிச்சுது, மெழுகுவர்த்தி எரிஞ்சா தண்ணியும் கார்பானிக் ஆசிடும் வருதுன்னு ஃபாரடே சொல்றாரு. போன்ல இருக்கிற டிக்‌ஷ்னரிய தட்டினேன், கார்பானிக் அமிலம், ஹைட்ரஜன் ரெண்டு கார்பன் ஒண்ணு ஆக்சிஜன் மூணுன்னு காட்டுச்சு, நானும் அப்படியே "கார்பானிக் அமிலம்"னு போட்டுட்டு போயிட்டே இருந்தேன்.

அவ படிச்சுட்டு கேட்டா, "மாமா, மெழுகுவர்த்தி எரிஞ்சா ஆசிடா வரும்? கரன்ட் போனா வீட்டுக்குள்ளதான ஏத்துறோம்?"

அப்பதான் உறைச்சுது. ஃபாரடே அந்தக் காத்த சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள விட்டு, தண்ணி பால் மாதிரி வெளுக்கிறத காட்டுறாரு, நாம ஸ்கூல்ல குழாய் வச்சு ஊதிப் பாத்த அதே சோதனை. அது கார்பன் டை ஆக்சைடு. அவரு காலத்துல அந்த வாயுவுக்கே கார்பானிக் ஆசிட்னுதான் பேரு. ஏன்னா லவாய்சியர்ங்கிற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் காலத்துல இருந்து ஆக்சிஜன் சேந்தாதான் அமிலம் உண்டாகும்னு ஒரு கொள்கை இருந்துச்சு, அதனால கார்பனோட ஆக்சிஜன் சேந்து வர்ற அந்த வாயுவையே அமிலம்னு கூப்பிட்டாங்க, ஹைட்ரஜன் இருந்தாதான் அமிலம்ங்கிறது அப்புறமா நிலைச்ச கணக்கு. நான் பதினாலு பக்கம் திரும்ப உக்காந்து திருத்தினேன். அதுக்கு அப்புறம்தான் பழைய அறிவியல் வார்த்தைக்கு பழைய டிக்‌ஷ்னரிதான் வேணும், ஆனா எந்தப் பழைய டிக்‌ஷ்னரின்னு தேட ஆரம்பிச்சேன். மூணு மாசம் ஆறு ஏழு டிக்‌ஷ்னரிய மாத்தி மாத்திப் பாத்துட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். மொழிபெயர்க்கிறவங்க, பழைய நூல் படிக்கிறவங்க, அறிவியல் வரலாறு பிடிச்சவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன்.

எல்லாரும் முதல்ல சொல்ற பேரு சாமுவேல் ஜான்சன். அவரோட இங்கிலீஷ் டிக்‌ஷ்னரி 1755 ஏப்ரல்ல ரெண்டு பெரிய வால்யூமா வந்தது, 42,773 வார்த்தை, லண்டன் கஃப் ஸ்கொயர்ல ஒரு வீட்டு மாடியில ஆறு உதவியாளர வச்சுக்கிட்டு கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் உழைச்சது. படிக்க அவ்வளவு சுகமா இருக்கும், அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். எலக்ட்ரிசிட்டிங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துப் பாருங்க. முதல்ல ஜான் குயின்சின்னு ஒரு மருத்துவர் எழுதின மருத்துவ அகராதியில இருந்து ஒரு விளக்கத்த எடுத்துப் போடுறாரு, சில பொருளுக்கு ஒரு குணம் உண்டு, சூடாகிற அளவுக்குத் தேச்சா சின்னச் சின்ன காகிதத் துண்டையெல்லாம் தன்கிட்ட இழுக்கும்னு. அவ்வளவுதான் அந்த விளக்கம், நம்ம பசங்க சீப்ப தலையில தேச்சு பேப்பர் பிட்ட இழுக்க வைக்கிற விளையாட்டு எவ்வளவோ அவ்வளவு. ஆனா ஜான்சன் அதோட நிறுத்தல. இதெல்லாம் சில வருஷத்துக்கு முன்னாடி சொன்ன கணக்கு, கிரே செஞ்ச சோதனையில இருந்து ஆரம்பிச்சு இந்தக் காலத்து ஆளுங்க ஏகப்பட்ட அதிசயத்தக் கண்டுபிடிச்சுட்டாங்க, வேகமா சுத்துற கண்ணாடி உருண்டையால மின்னேத்தின பொருள் தீப்பொறி விடுறது மட்டுமில்ல, அதுல சேர்ற மின் ஆவிய ஒரே நேரத்துல ஒரு மனுஷன் மேல விட்டா உயிருக்கே ஆபத்து, நீளமான சங்கிலியோட ரெண்டு முனையில நிக்கிறவங்களும் ஒரே நொடியில அடி வாங்கின மாதிரி தெரியுதுன்னு எழுதிட்டு, கடைசியா ஒரு வரி சேக்கிறாரு, அறிஞர்கள் இப்ப மின்னல் அடிக்கிறத தடுக்கப் பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு.

அந்த "இப்ப"ங்கிற வார்த்தைய பாத்ததும் எனக்கு சிலிர்த்துப் போச்சு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்டது 1752, இந்த டிக்‌ஷ்னரி 1755. ஒரு அறிவியல் வார்த்தை தன் அர்த்தத்த மாத்திக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் பக்கத்துல நின்னு எழுதி வச்ச மாதிரி இருக்கு. குயின்சி சொன்ன அர்த்தத்த அழிக்காம வச்சுட்டு அதுக்குக் கீழயே இது பழசாயிடுச்சுன்னு சொல்றாரு பாருங்க, நேர்மையான வேலை அது.

ஆனா வேலைக்கு வச்சுக்கலாமான்னு கேட்டா, வேணாம். ஏன்னு சொல்றேன். அறிவியல் வார்த்தைன்னு வந்துட்டா ஜான்சன் பெரும்பாலும் மத்தவங்ககிட்ட இருந்துதான் எடுக்கிறாரு, மருத்துவத்துக்கு குயின்சி, செடி கொடிக்கு தோட்டக்கலை எழுதின பிலிப் மில்லர், மத்ததுக்கு அறிவியல் அகராதி எழுதின ஹாரிஸ், சேம்பர்ஸ். கேஸ்ங்கிற வார்த்தைக்கு என்ன போட்டிருக்காருன்னா, இது ரசவாத வேதியியல்காரங்க உண்டாக்கின சொல்லு, வான் ஹெல்மான்ட் பயன்படுத்துறாரு, உறைய வைக்க முடியாத ஒரு ஸ்பிரிட்டுன்னு பொதுவா அர்த்தம் வச்சிருப்பாரு போல, ஆனா பல அர்த்தத்துல தளர்வா பயன்படுத்துறாருன்னு, கீழ ஹாரிஸ்னு பேரு. அப்ப ஹாரிஸையே நேரா பாத்துட்டுப் போயிடலாமே. இன்னொரு சிக்கல், சில இடத்துல அவரோட விளக்கத்துக்கே இன்னொரு டிக்‌ஷ்னரி வேணும். நெட்வொர்க்ன்னா சம தூரத்துல பின்னப்பட்டு குறுக்கும் நெடுக்குமா வெட்டி வெட்டுக்கு நடுவுல இடைவெளி விட்டதுன்னு லத்தீன் வார்த்தையா அடுக்குறாரு, அதுல வர்ற ரெட்டிகுலேட்டட்ங்கிறத தேடிப் போனா அங்க நெட்வொர்க்கால ஆனதுன்னு திருப்பி அனுப்புறாரு. சரி, நடைமுறைக் கஷ்டமும் இருக்கு, ஐயும் ஜேயும் ஒரே வரிசையில கலந்து கிடக்கும், யூவும் வீயும் அதே மாதிரி. வாக்யூம்னு தேடினீங்கன்னா யூ வார்த்தைங்களோட சேத்துதான் கண்டுபிடிக்கணும். அந்தக் கால அச்சுல சொல்லுக்கு நடுவுல வர்ற எஸ் எழுத்து எஃப் மாதிரி இருக்கும், ஸ்கேன்ல கம்ப்யூட்டர் தேடல் அத தப்பு தப்பா படிக்கும்.

கம்ப்யூட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஜான்சன்ல கம்ப்யூட்டர்ன்னா கணக்குப் பாக்கிற ஆளு. நான் பின்னாடி சொல்லப்போற 1913 வெப்ஸ்டர்ங்கிற அமெரிக்க டிக்‌ஷ்னரியிலயும் ஒரே வரிதான், கணக்கிடுறவர்னு. அதனால பழைய வானியல் கட்டுரையில கம்ப்யூட்டர் சரிபாத்தாருன்னு வந்தா அது மனுஷங்க.

பதினெட்டாம் நூற்றாண்டு அறிவியல் எழுத்தையே நேரா படிக்கிறவங்களுக்கு ஜான்சன விட ஹாரிஸும் சேம்பர்ஸும் மேல். ஜான் ஹாரிஸோட லெக்சிகன் டெக்னிகம் 1704-ல முதல் வால்யூம், 1710-ல ரெண்டாவது. வார்த்தைக்கு அர்த்தம் சொல்றத விட பொருளையே விளக்கணும்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்ச பெரிய முயற்சி, ரெண்டாவது வால்யூம்ல நியூட்டன் அமிலங்களப் பத்தி எழுதின ஒரு சின்னக் கட்டுரையும் அச்சாகியிருக்கு. எஃப்ரெய்ம் சேம்பர்ஸோட சைக்ளோபீடியா 1728, ஒரு வார்த்தையில இருந்து இன்னொரு வார்த்தைக்கு போ போன்னு கை காட்டிக்கிட்டே போகும், பிரெஞ்சுக்காரங்களோட பெரிய கலைக்களஞ்சியம் இத மொழிபெயர்க்கலாம்னு ஆரம்பிச்சுதான் வளந்துச்சு. எனக்கு ஃபாரடே வேலைக்கு இது ரெண்டும் தேவைப்படல, அதனால அதிகம் சொல்லல.

அடுத்தது நோவா வெப்ஸ்டரோட 1828. எழுபது வயசுல ரெண்டு வால்யூமா 70,000 வார்த்தையோட கொண்டுவந்தாரு, அமெரிக்காவுல முதல்ல அச்சடிச்சது 2,500 காப்பி. வேதியியல் படிக்கிறவங்களுக்கு இது ஒரு புதையல். ஏன்னா லவாய்சியர் கூட்டம் 1787-ல வேதியியலுக்கு புதுப் பேரெல்லாம் வச்சு முடிச்சு, அந்தப் பேருங்க பழகி, ஆனா பழைய பேருங்க இன்னும் ஜனங்க வாயில இருந்த காலம் அது. அதனால ஒரே விளக்கத்துல ரெண்டும் கிடைக்கும். கார்பானிக்ங்கிற வார்த்தைக்குப் போனீங்கன்னா கார்பானிக் ஆசிடுக்கு முன்னாடி ஃபிக்ஸ்டு ஏர்னும் சாக்பீஸ்ல நிறைய இருக்கிறதால சாக்பீஸ் அமிலம்னும் பேரு இருந்துச்சுன்னு சொல்லுவாரு. நைட்ரஜன அஸோட்னு கூப்பிட்டத, உயிர் தங்காத காத்துன்னு சொன்னத எல்லாம் ஒரே இடத்துல முடிச்சுப் போட்டு வச்சிருப்பாரு.

இன்னொண்ணு, தப்பான கொள்கைய அது உயிரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டும். கலோரிக்னா வெப்பத்தோட மூலப்பொருள். கேஸ்னா கலோரிக்கோட நிரந்தரமா சேந்து காத்து வடிவத்துக்கு வந்த பொருள். எலக்ட்ரிசிட்டின்னா ரொம்ப நுண்மையான ஒரு திரவத்தோட செயல்பாடு. ஆக்சிஜன்னா அமிலத்த உண்டாக்கிறதால அந்தப் பேரு வந்ததுன்னு போட்டிருக்கும். இத்தனைக்கும் குளோரின் ஒரு தனிமம், மியூரியாட்டிக் ஆசிட்ல, அதாவது இன்னிக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்னு சொல்றதுல, ஆக்சிஜனே இல்லன்னு 1810-லயே ஹம்ஃப்ரி டேவி சொல்லிட்டாரு. அதே மாதிரி ஆட்டம், அதாவது அணுங்கிற வார்த்தைக்கு பிரிக்கவே முடியாத அளவு சின்னத் துகள், எல்லாப் பொருளுக்கும் அடிப்படைன்னு ஜான்சன் குயின்சிகிட்ட இருந்து எடுத்ததுதான் கிட்டத்தட்ட இங்கயும் முதல் அர்த்தம், நடுவுல 1808-ல டால்டன் அணு எடையெல்லாம் போட்டு எழுதிட்டாரு. அறிவியல் ஒரு பக்கம் ஓடும், டிக்‌ஷ்னரி இருபது வருஷம் பின்னாடி வரும், இது தெரிஞ்சுக்கிட்டா 1828 வெப்ஸ்டர 1790-ல இருந்து 1830 வரைக்குமான எழுத்துக்கு தைரியமா பயன்படுத்தலாம். எனக்குப் பிடிச்ச ஒண்ணு அலுமினியம், அதுக்கு அலுமினாவோட உலோக அடிப்படைன்னு கருதப்படுறதுன்னுதான் போட்டிருக்கு, கருதப்படுறது! ஓயர்ஸ்டெட் 1825-ல, வோலர் 1827-ல அத பிரிச்சு எடுத்த செய்தி அந்தப் பக்கத்துக்கு வந்து சேரல.

குறையும் சொல்லணும். வேர்ச்சொல் பகுதிய நம்பாதீங்க, எல்லா மொழியும் கால்டியம்ங்கிற பழைய மேற்காசிய மொழியில இருந்து வந்ததுன்னு நம்பி எழுதினது அது, 1864 பதிப்புல மான்ங்கிற ஜெர்மன் அறிஞர வச்சு மாத்திட்டாங்க. கெமிஸ்ட்ரிய சிமிஸ்ட்ரிங்கிற மாதிரி ஐ எழுத்து போட்டு எழுதியிருப்பாரு, ஜான்சன் வொய் போட்டிருப்பாரு, நீங்க ஈ போட்டுத் தேடினா விளக்கம் கிடைக்கிறது கஷ்டம். முக்கியமா 1828-க்கு அப்புறம் பொறந்த வார்த்தை எதுவும் இருக்காது. ஃபாரடே விஷயத்துல இது பெரிய அடி, ஏன்னா எலக்ட்ரோடு, எலக்ட்ரோலைட், ஆனோடு, கேத்தோடு, அயன் எல்லாமே அவரே வில்லியம் ஹியூவெல்ங்கிற கேம்பிரிட்ஜ் அறிஞர் மாதிரி ஆளுங்ககிட்ட யோசனை கேட்டு 1834-ல புழக்கத்துக்கு விட்ட வார்த்தைங்க. அதே ஹியூவெல்தான் சயின்டிஸ்ட்ங்கிற வார்த்தையையும் அந்தக் காலத்துலயே உண்டாக்கினாரு. அப்ப தன்ன சயின்டிஸ்ட்னு யாரும் கூப்பிடாத காலத்து டிக்‌ஷ்னரிய வச்சு 1860 லெக்சர முழுசா படிக்க முடியாது.

அதனாலதான் நான் 1913 வெப்ஸ்டருக்கு வந்தேன். பேருதான் 1913, உள்ள இருக்கிறது பெரும்பாலும் 1890-ல நோவா போர்ட்டர் பொறுப்புல வந்த பதிப்பு, புது வார்த்தைங்க பின்னாடி சேத்தது. அதுல கார்பானிக் ஆசிடப் பாத்தேன் பாருங்க, அந்த ராத்திரி நான் போன்ல தேடினதுக்குப் பதிலா இத தேடியிருந்தா பதினாலு பக்கம் மிச்சமாகியிருக்கும். முதல் வரியிலயே ஹைட்ரஜன் இருக்கிற உண்மையான அமிலம், அது தனியா கிடைக்காதுன்னு சொல்லிட்டு, அடுத்த வரியில, பேச்சு வழக்குல இந்தப் பேர கார்பனும் ஆக்சிஜனும் சேந்த வாயுவுக்குத்தான் பரவலா சொல்றாங்க, அத கார்பன் டை ஆக்சைடுன்னு சொல்றதுதான் சரின்னு போட்டிருக்கு. நிறமில்லாத கனமான வாயு, தீய அணைக்கும், சுவாசிச்சா உயிர் போகும்னு சொல்லிட்டு, சுரங்கத்துல வேலை செய்யிறவங்க அதுக்கு வச்ச பேரு வரைக்கும் குடுத்திருக்கு, சோக் டேம்ப், ஆஃப்டர் டேம்ப்னு. பழைய பேரையும் புதுப் பேரையும் ஒரே ஆளு பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. அக்கா பொண்ணுகிட்ட அந்த சோக் டேம்ப்ப சொன்னப்ப, "கிணத்துக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி விளக்கு இறக்கிப் பாப்பாங்கன்னு தாத்தா சொல்லுவாரே, அதுவா மாமா"ன்னா. அதேதான்.

ஈதர் பத்தியும் இதுல அருமையா இருக்கும், விண்வெளி முழுக்க, திடப்பொருளுக்கு உள்ள கூட பரவியிருக்கிறதா நினைச்ச, ரொம்ப மெல்லிய, ரொம்ப மீள்தன்மை உள்ள ஒரு ஊடகம், ஒளியும் வெப்பமும் அது வழியாத்தான் போகுதுன்னு. ஆட்டத்துக்கு நாலஞ்சு அர்த்தம் வரிசையா இருக்கும், பிரிக்க முடியாததுன்னு ஒண்ணு, பிரிக்க முடியாததா இருக்கணும்னு கட்டாயமில்லன்னு இன்னொண்ணு, வேதியியல்ல சேர்க்கைக்குள்ள போகக்கூடிய மிகச் சின்னத் துகள்னு தனியா ஒண்ணு. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துல எந்த அர்த்தத்துல எழுதியிருக்காங்கன்னு தேர்ந்தெடுக்க அது போதும். காப்புரிமை முடிஞ்சுட்டதால எழுத்து வடிவத்துலயே இலவசமா கிடைக்குது, போன்ல இறக்கி நெட் இல்லாமலே தேடலாம். ஒரு எச்சரிக்கை, கூட்டு முயற்சியா திருத்தி வெளியிடுற பதிப்புல பின்னாடி மத்தவங்க சேத்த புது விளக்கமும் கலந்திருக்கும், ஒவ்வொரு பத்திக்கும் கீழ 1913 வெப்ஸ்டர்னு அடையாளம் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க.

செஞ்சுரி டிக்‌ஷ்னரி. 1889-ல இருந்து 1891-க்குள்ள நியூயார்க்ல வந்தது, பொறுப்பாசிரியர் வில்லியம் டுவைட் விட்னி, 7,000 பக்கத்துக்கு மேல, ஒரு பக்கத்துல மூணு பத்தி, பொடி எழுத்து. தரம்னு மட்டும் பாத்தா நான் பாத்ததுலயே இதுதான் உசத்தி. காரணம், அந்தந்த துறை ஆளையே எழுத வச்சிருக்காங்க. கணிதம், தர்க்கம், வானியல், எடை அளவு வார்த்தைங்கள எழுதினவரு சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ், அவரு அமெரிக்க கடற்கரை அளவைத் துறையில ஊசல் வச்சு புவியீர்ப்ப அளந்த மனுஷன், அளக்கிற கருவியப் பத்தி எழுதும்போது கையில பிடிச்சவன் எழுதின மாதிரியே இருக்கும். விலங்கியலுக்கு எலியட் கூஸ். படமும் ஆயிரக்கணக்குல இருக்கு, ஒரு பழைய கருவியோட பேரு வந்தா பல நேரம் அது எப்படி இருக்கும்னு வரைஞ்சே காட்டியிருப்பாங்க, மொழிபெயர்க்கிறவனுக்கு அத விட என்ன வேணும், பொருள் கண்ணுக்குத் தெரிஞ்சா தமிழ் தானா வரும். ஆனா ஸ்கேன் பக்கமா புரட்டிப் பாக்கணும், சின்ன போன்ல கண்ணு வலிக்கும், அவசரத்துக்கு ஆகாது. அதனால இத ஞாயித்துக்கிழமை வேலைக்கு வச்சிருக்கேன், வாரம் முழுக்க சந்தேகம் வந்தத குறிச்சு வச்சு லேப்டாப்ல மொத்தமா பாப்பேன்.

ஆக்ஸ்ஃபோர்ட பத்தி கேப்பீங்க. ஜேம்ஸ் மரே தலைமையில ஆரம்பிச்ச முதல் பதிப்பு, 1884-ல முதல் பகுதி, 1928-ல கடைசி. ஒரு வார்த்தை எந்த வருஷம் எந்த அர்த்தத்துல வந்துச்சுன்னு மேற்கோளோட வரிசையா காட்டுறதுல அத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கணும், அது ஒரு வருஷத்து டிக்‌ஷ்னரி இல்ல, 44 வருஷத்து டிக்‌ஷ்னரி. ஏ எழுத்து வார்த்தைங்க 1880-கள்ல அச்சானது, ஆட்டத்துக்கு அவங்க விளக்கம் எழுதினப்ப ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரான கண்டுபிடிக்க இன்னும் பன்னெண்டு வருஷம் பாக்கி. அப்பென்டிசைட்டிஸ்ங்கிற வார்த்தைய சேக்கவே இல்ல, அப்புறம் 1902-ல ஏழாம் எட்வர்டுக்கு குடல்வால் சீழ் பிடிச்சு முடிசூட்டு விழாவே தள்ளிப்போய் அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவிடுச்சு. ரேடியமும் முதல் பதிப்புல கிடையாது. அதனால ஒரு வார்த்தை ஆக்ஸ்ஃபோர்ட் முதல் பதிப்புல இல்லைன்னா அந்தக் காலத்துல அந்த வார்த்தையே இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க, அந்த எழுத்து எப்ப அச்சாச்சுன்னு முதல்ல பாருங்க.

சரி, எத எடுக்கிறது. டிக்‌ஷ்னரியோட பேர வச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க கையில இருக்கிற நூல் எந்த வருஷம்னு பாத்து முடிவு பண்ணுங்க. 1700-களோட நடுப்பகுதி வரைக்கும்னா சேம்பர்ஸ், கூடவே ஹாரிஸ், ஜான்சன் ஆசைக்கு. 1790-ல இருந்து 1830 சுமாருக்கு 1828 வெப்ஸ்டர், அதுலயும் வேதியியல்னா கண்ண மூடிக்கிட்டு அதுதான். 1840-ல இருந்து முதல் உலகப் போர் வரைக்கும் தினசரிக்கு 1913, கணிதமோ கருவியோ உயிரியலோ வந்தா செஞ்சுரி. ஒரு வார்த்தையோட அர்த்தம் எந்த வருஷத்துல திரும்புச்சுன்னு சண்டை வந்தா மட்டும் ஆக்ஸ்ஃபோர்ட், பெரிய லைப்ரரி ஏதாவது பக்கத்துல இருந்தா அங்க உக்காந்து பாத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்க முடியும்னா நான் 1913-அ சொல்லுவேன், பழைய பேருல இருந்து புதுப் பேருக்கு பாலம் போடுறது அதுல இருக்கிற மாதிரி வேற எதுலயும் அவ்வளவு சுலபமா எனக்குக் கிடைக்கல. போன்ல தானா வந்து நிக்கிற இன்னிக்கு டிக்‌ஷ்னரிய மட்டும் இந்த வேலைக்கு நம்பவே நம்பாதீங்க, அது பொய் சொல்லாது, ஆனா 1860-ல பேசின ஆளுக்கு 2020-ல பதில் சொல்லும்.

தமிழ்ல பழைய அறிவியல் நூல் படிக்கிறவங்களுக்கும் இது தேவைப்படும். யாழ்ப்பாணம் மானிப்பாய்ல தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்குடுத்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மாதிரி ஆளுங்க பத்தொன்பதாம் நூற்றாண்டுல மொழிபெயர்த்ததெல்லாம் அந்தக் கால இங்கிலீஷ் பாடப்புத்தகத்துல இருந்துதான், அந்தத் தமிழ்ச் சொல்லு ஏன் அப்படி இருக்குன்னு புரியணும்னா மூலத்துல இருந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அன்னைக்கு என்ன அர்த்தம்னு முதல்ல தெரியணும்.

என் மொழிபெயர்ப்புல இப்ப கார்பானிக் ஆசிட் வர்ற இடத்துல எல்லாம் "கரியமில வாயு"ன்னு போட்டுட்டேன். நம்ம அப்பா அம்மா பள்ளிக்கூடத்துல படிச்ச அதே வார்த்தை, அதுக்குள்ளயும் ஒரு அமிலம் ஒளிஞ்சு உக்காந்திருக்கு பாருங்க, ஃபாரடே சொன்ன பேரோட வாசனை அப்படியே இருக்கு. அடுத்தது மியூரியாட்டிக் ஆசிட், அவரு பளிங்குக் கல்லு மேல ஊத்தி அந்த வாயுவ எடுக்கிற இடம், இன்னிக்கு ராத்திரி அதுலதான் உக்காரணும்.